மூசாங் குட்டிக்குப் பெயர் வைக்காதே

கால்நடை மருத்துவ டிப்ளோமா முடிக்க 12 வாரம் எங்காவது பயிற்சி செய்தாக வேண்டும். கூடப் படித்தவர்கள் கோலாலம்பூர் கிளினிக்குகளுக்குப் போனார்கள். எனக்கு வீட்டுச் சோறு விடவில்லை. சுங்காய்ப் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரத்தில் ஒரு வனவிலங்கு மீட்பு நிலையம் இருந்ததால் அங்கேயே மனுப் போட்டேன்.

சேருமுன் டெட்டனஸ் ஊசி, நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரே என் நல்லதுக்கு என்று நினைத்தேன். இல்லையாம், என்னிடம் காசநோய் இருந்தால் அங்குள்ள குரங்குகளுக்கு ஒட்டிவிடுமாம்.

முதல் மூன்று வாரம் எதையும் தொட விடவில்லை. பப்பாளி, வாழைப்பழம் நறுக்குவது, கூண்டு கழுவுவது, மிச்சத் தீனியை நிறுத்து எழுதுவது. "பப்பாளி வெட்டவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றார் அம்மா. ஆனால் காட்டு விலங்கு நோயை வெளியே காட்டாது. கிண்ணத்தில் மிஞ்சுவதுதான் முதல் தகவல்.

அங்கே ஒரு கொங்காங் இருந்தது, நம் தேவாங்கு இனம். முழங்கைப் பக்கத்துச் சுரப்பியை நக்கிவிட்டுக் கடித்தால் நஞ்சு ஏறும். அதனால் விற்பவர்கள் முன்பற்களை வெட்டிவிடுகிறார்கள். மரப்பட்டையைக் கீறிப் பிசின் தின்ன அந்தப் பற்கள்தான் வேண்டும், இனி அது காட்டுக்குப் போக முடியாது. கிச்சுகிச்சு மூட்டினால் கையைத் தூக்குகிறது என்று வீடியோவில் ரசிக்கிறோமே, அது பயத்தில் நஞ்சை எடுக்கத் தயாராகும் நிலை. நானும் ஒரு காலத்தில் அதற்கு லைக் போட்டவன்தான்.

நான்காம் வாரம் ஓர் அங்கிள் மைலோ பெட்டியில் ஒரு மூசாங் குட்டியை, அதாவது மரநாய்க் குட்டியைக் கொண்டுவந்தார். மறுநடவுக்குச் செம்பனைகளைச் சாய்த்தபோது கிடைத்ததாம். பாவம் என்று டின்பால் கொடுத்திருக்கிறார், அதற்கு வயிற்றுப்போக்கு. நான் உடனே பால் கலக்கப் போனேன். "முதல்ல சூடு, அப்புறம்தான் பால்," என்று தடுத்தார் எங்கள் காக், அதாவது அங்கே வேலை செய்யும் மூத்த அக்கா. உடம்பு குளிர்ந்திருக்கும்போது ஊட்டினால் செரிக்காது. துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பூனைக்குட்டிப் பால்மாவு, ஊசி போடாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற, தலை சற்றுத் தூக்கி. பிறகு ஈரப் பஞ்சால் அடியைத் துடைத்துவிட்டால்தான் மூத்திரம் போகும், தாய் நக்குவதற்குப் பதிலாக.

தப்பு அடுத்ததுதான். யாருமில்லாத நேரத்தில் அதற்குச் "சின்னு" என்று பெயர் வைத்துப் பேசிக்கொண்டே ஊட்டினேன். பத்தே நாளில் என் குரல் கேட்டால் கத்திக்கொண்டு ஓடிவந்தது. எனக்கோ பெருமை. காக் திட்டவில்லை. "நாளைக்குத் தோட்டத்துல யாரைக் கண்டாலும் இப்படித்தான் ஓடிவரும்," என்றார். அன்றிலிருந்து வேறு ஆள் ஊட்டினார், வாய் திறக்காமல்.

கடைசி வாரம் அதை வெளிக்கூண்டுக்கு மாற்றினார்கள். தீனி வைக்க உள்ளே போனேன். கிளைமேலிருந்து முதுகு மயிர் சிலிர்க்கச் சீறியது, கூடவே அந்தப் பாண்டான் இலை வாசம். கதவைச் சாத்திவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன்: மாலை 6.40, சீறியது.