காம்ப்ரி வைவாவுக்குப் போகிறவர்கள் எரர் பாரிலிருந்து தொடங்குங்கள்

பிஎச்.டி. காம்ப்ரிஹென்சிவ் வாய்மொழித் தேர்வின் முடிவு வந்துவிட்டது, தேர்ச்சி. அந்த நிம்மதியோடு இதை எழுதுகிறேன். மான்டி கார்லோ (ரேண்டம் எண்களை வைத்துச் செய்யும் சிமுலேஷன்), மாலிக்யூலர் டைனமிக்ஸ் (அணுக்களின் நகர்வைப் படிப்படியாகக் கணக்கிடும் சிமுலேஷன்) பக்கம் ஆராய்ச்சி செய்பவர்களுக்கான குறிப்பு இது. கோர்ஸ்வொர்க், கமிட்டி நடைமுறையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கமிட்டியில் எக்ஸ்பெரிமென்ட் செய்யும் பேராசிரியர் ஒருவராவது இருந்தால், வரைபடம் திரையில் வந்ததும் அவர் பார்ப்பது எரர் பாரைத்தான் (அளவீட்டின் பிழை வரம்பைக் காட்டும் கோடு). "இது எப்படி வந்தது?" என்ற கேள்விக்குப் போர்டில் எழுதிப் பதில் சொல்லத் தெரிந்தால் பாதி வைவா முடிந்தது. குவாண்டம் மெக்கானிக்ஸ் முழுவதையும் மறுபடி புரட்டுவதைவிட இதற்கு ஒரு வாரம் கொடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இரு பரிமாண ஐசிங் மாடலை எடுத்துக்கொள்வோம்: சதுரக் கட்டத்தின் (லாட்டிஸ்) ஒவ்வொரு புள்ளியிலும் மேலோ கீழோ நோக்கும் ஒரு ஸ்பின். ஸ்பின்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் மெட்ரோபோலிஸ் முறையில் அடுத்தடுத்த ஸ்வீப்புகள் (லாட்டிஸ் முழுவதையும் ஒருமுறை சுற்றிவருவது) ஒன்றையொன்று சார்ந்தவை. ஆட்டோகோரிலேஷன் நேரம் (இந்தச் சார்பு மங்க ஆகும் நேரம்) 1000 ஸ்வீப் என்றால், 10 லட்சம் ஸ்வீப் ஓட்டினாலும் இரண்டு ஆட்டோகோரிலேஷன் நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கையில் இருப்பவை சுமார் 500 சுயேச்சையான அளவீடுகள்தான். திட்ட விலக்கத்தை 10 லட்சத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் எரர் ஏறக்குறைய 45 மடங்கு சிறிதாக வந்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு. காந்தத்தன்மை மறையும் மாறுநிலை வெப்பநிலையான 2.269-க்கு (ஸ்பின்களின் இணைப்பு வலிமையை வைத்த J/k அலகில்) அருகில் இந்த நேரம் லாட்டிஸ் நீளத்தின் சுமார் 2.17-ஆம் அடுக்காக வளரும். 32-லிருந்து 64-க்குப் போனால் நாலரை மடங்கு. ஸ்பின்களைக் கூட்டமாகத் திருப்பும் உல்ஃப் அல்காரிதத்துக்கு ஏன் மாறினீர்கள் என்று கேட்டால் இந்த எண்ணை வைத்தே பேச்சைத் தொடங்குங்கள்.

பிளாக்கிங் முறையைப் பேப்பர் பார்க்காமல் சொல்லப் பழகுங்கள். அளவீடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள், எரரைக் கணக்கிடுங்கள். கிடைத்த சராசரிகளை மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து அதையே செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் எரர் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் சமதளமாகும். அதுதான் உண்மையான எரர். சமதளம் வரவே இல்லையென்றால் ரன் போதவில்லை என்று அர்த்தம், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கடைசிப் படிகளை நம்பாதீர்கள். 32 பிளாக் மிஞ்சியிருக்கும்போதே எரரின் மதிப்பில் சுமார் 13 சதவீதத் தடுமாற்றம் இருக்கும், 8 பிளாக் என்றால் 27 சதவீதம்.

தன்வெப்பம், பைண்டர் குமுலன்ட் (காந்தமாக்கத்தின் நான்காம், இரண்டாம் அடுக்குச் சராசரிகளிலிருந்து வருவது) போன்றவை வெறும் சராசரிகள் அல்ல, சராசரிகளைச் சேர்த்துக் கணக்கிடுபவை. அவற்றுக்கு ஜாக்நைஃப் (டேட்டாவின் ஒவ்வொரு பகுதியாக விட்டுவிட்டு மறுபடி கணக்கிட்டு எரர் எடுக்கும் முறை) வேண்டும். அதிலும் ஒற்றை அளவீடுகளை விட்டுவிட்டுப் பார்க்கக் கூடாது. ஆட்டோகோரிலேஷன் நேரத்தைப் போலப் பல மடங்கு நீளமுள்ள பிளாக்குகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த கேள்வி: "உங்கள் புரோகிராம் சரி என்று எப்படித் தெரியும்?"

- 4×4 லாட்டிஸில் 65,536 நிலைகள்தான். எல்லாவற்றையும் எண்ணித் துல்லியமான சராசரி ஆற்றலை எடுத்து, மான்டி கார்லோ விடையோடு ஒப்பிடுங்கள்.
- வெப்பநிலை 2.0-இல் முடிவிலா லாட்டிஸின் காந்தமாக்கம் 0.9113. பெரிய லாட்டிஸில் இதற்கு மிக அருகில் வர வேண்டும்.
- எல்லா ஸ்பின்னும் மேல்நோக்கி ஒரு ரன், தாறுமாறாக வைத்து இன்னொரு ரன். இரண்டு கோடுகளும் ஒன்றுசேரும் இடம்வரை உள்ள டேட்டாவைத் தூக்கிவிடுங்கள்.
- சிறிய லாட்டிஸில் காந்தமாக்கம் குறி மாறி மாறிப் புரளும். தனிமதிப்பு எடுக்காவிட்டால் சராசரி சுழியத்தை நோக்கிப் போகும்.

ரேண்டம் நம்பரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1992-இல் ஃபெரென்பெர்க், லாண்டாவ், வாங் மூவரும், நல்லதென்று கருதப்பட்ட ஆர்250 என்ற ரேண்டம் நம்பர் ஜெனரேட்டரை உல்ஃப் அல்காரிதத்தோடு ஓட்டியபோது ஐசிங் விடைகள் எரர் பாருக்கு வெளியே விலகிப் போனதைக் காட்டினார்கள். தெரிந்த விடை இருந்ததால்தான் அது பிடிபட்டது. கிளஸ்டரில் பல ஜாப் அனுப்பும்போது சீடை (ரேண்டம் எண் வரிசையின் தொடக்க எண்) கடிகார நொடியிலிருந்து எடுத்தால், ஒரே நொடியில் தொடங்கும் ஜாப்கள் ஒரே டேட்டாவைத் தரும். சராசரி மாறாது, எரர் மட்டும் பொய்யாகச் சுருங்கும். சீடோடு ஜாப் எண்ணையும் சேருங்கள்.

மாலிக்யூலர் டைனமிக்ஸ்காரர்களுக்குச் சுருக்கமாக. ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964-இல் 864 ஆர்கான் அணுக்களோடு செய்த கணக்கீட்டைத் தெரிந்துகொண்டு போங்கள். அதில் நேரப்படி (டைம் ஸ்டெப்) 10 ஃபெம்டோ நொடி. ஹைட்ரஜன் அதிர்வு உள்ள அமைப்பில் அது தாங்காது, 1 ஃபெம்டோ நொடி அளவுக்கு இறங்க வேண்டும். அணுக்களின் இடத்தையும் வேகத்தையும் படிப்படியாக நகர்த்தும் வெலாசிட்டி வெர்லெட் முறையில் நேரப்படியைப் பாதியாக்கினால் மொத்த ஆற்றலின் அலைவு நாலில் ஒரு பங்காக வேண்டும். ஆகாவிட்டால் முதலில் கட்-ஆஃப் எல்லையில் (இதற்கு அப்பால் விசையைக் கணக்கில் எடுப்பதில்லை) விசை திடீரென அறுபடுகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையை, வெப்பநிலையை நிலைநிறுத்தும் தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அது ஓடினால் ஆற்றல் நழுவுவது தெரியாமலே போய்விடும்.

ஸ்லைடில் ஒவ்வொரு படத்தின் கீழும் லாட்டிஸ் அளவு, ஸ்வீப் எண்ணிக்கை, ஆட்டோகோரிலேஷன் நேரம் மூன்றையும் சின்ன எழுத்தில் போடுங்கள். மூல டைம் சீரிஸ் கோப்புகள் சர்வரில் மட்டும் இருந்தால் போதாது, அறையில் நெட் கிடைக்காமல் போகலாம். லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் அங்கேயே பிளாட் செய்து காட்டலாம்.