புஜ்ஜிய அனுப்பி வச்ச அனுபவம், வயசான நாய் பூனை வச்சிருக்கவங்களுக்காக

எங்க புஜ்ஜி நாட்டு நாய். பன்னெண்டு வயசுல கிட்னி போயிடுச்சு. கிரியாட்டினின்னு ரத்தத்துல ஒரு கழிவு, கிட்னி கெட்டா ஏறும், அது 5 தாண்டினாலே கடைசி ஸ்டேஜ், அவளுக்கு அதுக்கும் மேல இருந்துச்சு. கொஞ்ச நாள் வீட்லயே தோலுக்கு அடியில சலைன் ஏத்தினோம், வாந்திக்கு மருந்து குடுத்தோம், அப்புறம் தயிர்சாதத்தையே மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்க ஆரம்பிச்சுட்டா.

வலியில்லாம உயிர் போக ஊசி போட்டுடலாமா, போடணும்னா எப்போ, இதான் தாங்க முடியாத கேள்வி. டாக்டர் ஒரு வழி சொன்னார், ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்க கால்நடை டாக்டர் உருவாக்கினது. வலி, சாப்பாடு, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாள விட நல்ல நாள் அதிகமா இருக்கா, இந்த ஏழுக்கும் பத்துக்கு இவ்ளோன்னு மார்க் போடணும், மொத்தம் 35க்கு மேல வந்தா இன்னும் வச்சு பாத்துக்கலாம். நானும் அம்மாவும் தனித்தனியா போட்டோம், ரெண்டுமே ரொம்ப கீழ. அம்மா புஜ்ஜிக்கு எதுலயும் கம்மியா போடுற ஆளே இல்ல, அந்த பேப்பர பாத்தப்புறம்தான் எனக்கு தைரியம் வந்துச்சு.

அன்னைக்கு என்ன நடக்கும்னு விவரமா சொல்றேன், முன்னாடியே தெரிஞ்சா பாதி பயம் போயிடும். மொதல்ல கையெழுத்து வாங்குவாங்க, பில்லையும் அப்பவே கட்டிடுங்க, முடிஞ்சப்புறம் கவுன்ட்டர்ல நிக்க முடியாது. அப்புறம் ஒரு மயக்க ஊசி, அவ என் மடியிலயே தூங்கிட்டா. அதுக்கப்புறம்தான் நரம்பு வழியா ரெண்டாவது மருந்து, அது அளவுக்கு மீறின மயக்க மருந்து, ஒன்னு ரெண்டு நிமிஷத்துல இதயம் நின்னுடும். கண்ணு மூடாது. ஒரு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், மூத்திரம் போகலாம், அந்த நேரத்துல அதுக்கு வலி எதுவும் தெரியாது. சித்தப்பா தோட்டத்துல புதைச்சோம், நல்லா ஆழமா தோண்டணும், மருந்து உடம்புலயே தங்கும், வேற பிராணி தோண்டி தின்னா அதுக்கும் ஆபத்து.

அண்ணன் பையன் கிட்ட தூங்குறான்னு சொல்லல, செத்துட்டா, இனி வரமாட்டான்னே சொன்னோம். அழுதான், நிறைய கேள்வி கேட்டான், எல்லாத்துக்கும் பதில் சொன்னோம். பெரியவங்கதான் கஷ்டம், நாய்க்கா லீவு போட்ட, இன்னொன்னு வாங்கிக்கோன்னு வந்து சொல்லுவாங்க. அப்படி சொல்றவங்க கிட்ட பேச்ச வளர்க்காதீங்க. ஒரு ராத்திரி தாங்க முடியாம டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணேன், அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நாய்க்காகன்னு சொல்லவே கூச்சமா இருந்துச்சு, ஆனா அந்தப் பக்கம் பேசினவங்க மொதல்ல அவ பேரத்தான் கேட்டாங்க.

சலைன் மிச்சத்த திருப்பிக் குடுக்க க்ளினிக் போனப்போ அசிஸ்டென்ட் அக்காவ பாத்தேன், புஜ்ஜி குட்டியா இருந்ததுலேந்து நகம் வெட்டி விட்டவங்க. உங்களுக்கு எப்படிக்கா இருந்துச்சுன்னு கேட்டேன், அழுதுட்டாங்க. அன்னைக்கு காலைல பார்வோங்கிற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி ஒன்னு செத்துப் போயிருக்கு, அப்புறம் புஜ்ஜி, அடுத்த நிமிஷமே தடுப்பூசிக்கு வந்த புதுக்குட்டியோட வீட்டுக்காரங்கள சிரிச்சுட்டு கூப்பிடணும், நடுவுல பில்லுக்கு கத்துறவங்க வேற. அமெரிக்காவுல 2019ல வந்த ஒரு ஆய்வுல, பெண் கால்நடை டாக்டர்கள் தற்கொலையில சாகுறது மத்த பெண்கள விட 3.5 மடங்குன்னு படிச்சேன். அங்க 2014லயே இவங்களுக்குன்னு நாட் ஒன் மோர் வெட்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம ஊர்லயும் வேணும், கண்டிப்பா வேணும்.

அக்காவுக்கும் அந்த 14416 நம்பர குடுத்தேன். டாக்டருக்கு புஜ்ஜி போட்டோவோட ஒரு லெட்டர் எழுதினேன், நீங்க பண்ணது சரி, எங்களுக்கு உங்க மேல வருத்தமே இல்லன்னு. இப்போ அந்த க்ளினிக்ல ஊசி போட்டு ஒன்ன அனுப்பி வச்சா அடுத்த டோக்கன உடனே கூப்பிடுறதில்ல, எல்லாரும் பின்னாடி போய் ஒரு டீ குடிச்சுட்டு வராங்க, வெளிய காத்திருக்கவங்க கிட்ட காரணத்தையும் சொல்லிடறாங்க.