திருவெண்ணெய்நல்லூர்: கோபத்தோடு நடந்த வழி

பண்ருட்டிப் பக்கம் மணம்தவிழ்ந்தபுத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு கல்யாணம் நின்றுபோன ஊர். மாப்பிள்ளை திருநாவலூர் நம்பியாரூரர், பின்னால் சுந்தரர் என்று நாம் கும்பிடுகிறவர். பெண், அந்த ஊர்ச் சடங்கவி சிவாச்சாரியாரின் மகள். பந்தலில் எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் தடியூன்றி வந்து நிற்கிறார். "உனக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அதை முடித்துவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்" என்கிறார். என்ன வழக்கு? "நீ எனக்கு அடிமை. உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என் கையில் இருக்கிறது."

மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவருக்கு எப்படி இருந்திருக்கும்! முதலில் சிரிக்கிறார். அப்புறம் "அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமை என்று நீ சொல்லித்தான் கேட்கிறேன், உனக்கென்ன பித்தா?" என்கிறார். கிழவர் அசையவில்லை. பித்தன் என்று சொல், பேயன் என்று சொல், எனக்கு வெட்கமில்லை. "வித்தகம் பேச வேண்டா, பணிசெய வேண்டும்" என்று பதில் வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிய வரி இது. கெட்டிக்காரப் பேச்சு வேண்டாம், வந்து வேலையைப் பார் என்று ஒரு பாமர வீட்டுப் பெரியவர் சொல்வதைப் போலவே காதில் விழுகிறது. நம்பியாரூரர் துரத்திப் பிடித்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டுவிட்டார். வழக்கு கிழவரின் ஊரான திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனது.

சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். போன ஆண்டு வரை எனக்கு இது திருவிளையாடல் மாதிரி ஒரு சுவையான கதை, அவ்வளவே. என் வீட்டு வாசலிலும் ஒரு கிழவர் வந்து நின்ற பிறகுதான் அந்தப் பந்தலில் நின்றவரின் எரிச்சல் எனக்குப் புரிந்தது.

வந்தவர் என் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே பாகப்பிரிவினையில் தகராறு வந்து, அப்பா மேல் வழக்குப் போட்டவர். ஒரு கிணறும் அதைச் சுற்றியிருந்த நிலமும்தான் விவகாரம். வருஷக்கணக்கில் இழுத்தது. அப்பா இறந்தபோது சித்தப்பா வாசல் வரை வந்தார், உள்ளே வரவில்லை. அப்பா பக்கம்தான் நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சித்தி போய்விட்டார், பிள்ளைகள் இல்லை, சிறுநீரகம் இரண்டும் கெட்டு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலைமை. ஊரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து, "ஆஸ்பத்திரி உங்க வீட்டுக்குக் கிட்டத்தானே இருக்கு, அங்கேயே வச்சுக்குங்களேன்" என்றார். என் கணவர் மறுப்புச் சொல்லவில்லை. மகள் தன் அறையைக் காலி செய்து கொடுத்தாள். என் மனம் மட்டும் ஒப்பவில்லை.

வந்து சில வாரம் ஆன பிறகு ஒரு நாள் இரவு, "பாப்பா, என்னை ஒரு தடவை வெண்ணெய்நல்லூர் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் பார்த்துக் கிளம்பினோம்.

விழுப்புரத்திலிருந்து திருச்சி ரோட்டில் போய் அரசூர் கூட்ரோட்டில் திருக்கோவிலூர் பக்கம் திரும்ப வேண்டும். நடுநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 22-இல் இது ஒன்று. சுவாமி கிருபாபுரீசுவரர், தடுத்தாட்கொண்டநாதர் என்றும் பெயர். அம்பாள் மங்களாம்பிகை. கோயிலின் பழைய பெயர் அருட்துறை. கோபுரத்தைப் பார்த்ததும் சித்தப்பா காரிலேயே கையைக் குவித்துக்கொண்டார். ஊசி போடும் கையைப் பிடிக்கக்கூடாது என்பதால் மறுகையைப் பிடித்து மெதுவாக உள்ளே நடத்திக்கொண்டு போனேன்.

கோயிலுக்குள் ஒரு மண்டபம் இருக்கிறது. கிழவரும் நம்பியாரூரரும் ஊர்ச்சபை முன்னால் நின்று வாதாடிய இடம் இதுதான் என்று காட்டுகிறார்கள், வழக்கு வென்ற அம்பலம். சித்தப்பாவால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கி முடித்ததும் என்னிடம் பேச ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"சபையில என்ன கேட்டாங்க தெரியுமா பாப்பா? ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூணுல ஒண்ணைக் காட்டுன்னாங்க. அனுபவம், பத்திரம், சாட்சி. எங்க கேஸ்லயும் இதே மூணுதான்."

அவர் சொன்னது சரி. பெரியபுராணத்தில் அப்படியே இருக்கிறது. கிழிந்துபோனது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் எடுத்துக் காட்டுகிறார். பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. நானும் என் வழியில் வருகிறவர்களும் வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு வழித்தொண்டு செய்வோம் என்று அந்த ஓலையில் இருக்கிறது. கல்யாணப் பந்தலில் நம்பியாரூரர் வசவாக வீசிய சொல், பாட்டன் காலத்து ஓலையில் ஏற்கனவே சுவாமியின் பெயராக இருந்திருக்கிறது! "நம்பியாரூரரே, நீர் தோற்றீர்" என்று சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்தத் தீர்ப்பை விட, அதற்கு முந்தைய நடைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. புத்தூரிலிருந்து வெண்ணெய்நல்லூர் வரை. இன்றைக்குக் காரில் போனாலே நேரம் பிடிக்கிற தூரம். கிழவர் முன்னால் போகிறார். பின்னால் மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் இது என்ன ஆகப்போகிறதோ என்று சொந்தபந்தம். காந்தத்தின் பின்னால் போகும் இரும்பு போல நம்பியாரூரர் விரைந்து போனார் என்கிறார் சேக்கிழார். ஆனால் அந்த இரும்புக்குத் தான் இழுக்கப்படுவது தெரியவே தெரியாது. அவர் மனத்தில் இருந்தது கோபம். வழக்கில் ஜெயித்துவிட்டு வந்து கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் எண்ணம். பக்தி இல்லை, சம்மதம் இல்லை. ஆனாலும் நடந்தார். சுவாமிக்கு அந்த நடை போதுமானதாக இருந்தது.

இதை நான் ரொம்பவே பிடித்துக்கொண்டேன். கடவுள் ஒன்றைக் கொடுத்தால் முகம் மலர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளம் கனிந்து செய்தால்தான் தொண்டு, இல்லாவிட்டால் கணக்கில் சேராது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, உப்பில்லாத சமையல் தனியாகச் செய்து, குடிக்கிற தண்ணீரை அளந்து ஊற்றி, ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் காத்திருந்து கூட்டி வருகிற நாளில் என் முகம் மலர்வதில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் நிற்கவே சங்கடமாக இருக்கும். இந்த ஊரில் ஆட்கொள்ளப்பட்டவரோ வழி நெடுகக் கோபத்தோடு வந்தவர். அவரைத்தான் சுவாமி 'வன்தொண்டன்' என்று பெயர் வைத்துத் தன் தோழனாக்கிக்கொண்டார்.

தீர்ப்புக்குப் பிறகு சபையார் கிழவரிடம், இந்த ஊர் என்கிறீரே, உம்முடைய வீடு எது என்று கேட்கிறார்கள். வாருங்கள் காட்டுகிறேன் என்று நேராக அருட்துறைக்குள் நுழைந்தவரைக் காணோம். ரிஷபத்தின் மேல் அம்பாளோடு காட்சி. நமக்கு அர்ச்சனை என்பது பாட்டுத்தான், ஆகவே தமிழில் பாடு என்கிறார் சுவாமி. என்னவென்று பாடுவது? முன்னால் பித்தன் என்றாயே, அப்படியே தொடங்கு.

"பித்தா பிறைசூடீ பெருமானே அருளாளா" என்று அப்படிப் பிறந்ததுதான் ஏழாம் திருமுறையின் முதல் பதிகம். சன்னிதியில் அதைப் பாடச் சொல்லிச் சித்தப்பா என்னைக் கேட்டார். எனக்கு ராகமாகப் பாட வராது, படித்தேன். முதல் ஒன்பது பாட்டும் "ஆளாய் இனி அல்லேன் எனலாமே" என்றும், கடைசிப் பாட்டு "ஆள் அல்லேன் எனலாமே" என்றும் முடிகின்றன. உனக்கு ஆளாகிவிட்டு இனி இல்லை என்று சொல்லலாமா என்று பொருள். சபையில் எதை மறுத்து வாதாடினாரோ அதே வாதத்தைப் பாட்டுக்குப் பாட்டு எடுத்துத் தன் கையாலேயே தோற்கடிக்கிறார். வாய்விட்டுப் படித்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. ஏழெட்டுப் பாட்டு போனதும் குரல் உடைந்துவிட்டது. மீதியைச் சித்தப்பா புத்தகம் இல்லாமலே சொல்லி முடித்தார். அவருக்கு அது மனப்பாடம் என்பது எனக்குத் தெரியாது.

அந்தக் கல்யாணப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. மணமேடையில் விடப்பட்ட அந்தப் பெண், நம்பியாரூரரையே நினைத்திருந்து எளிதாகச் சிவலோகம் சேர்ந்தாள் என்று பெரியபுராணம் சொல்லி நகர்ந்துவிடுகிறது. ஒருவரைச் சுவாமி கூப்பிடும்போது பக்கத்தில் இருப்பவர்களும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கூடத்தில் பாய் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிற என் மகளை நினைத்துக்கொண்டேன். அம்பாள் சன்னிதியில் அந்தப் பெண்ணுக்காகவும் மகளுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டேன். நீங்கள் போனால் நீங்களும் அவளுக்காக ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

கிழவராக வந்தபோது சுவாமி போட்டிருந்தவை என்று சொல்லப்படும் பாதுகைகளையும் கோயிலில் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா அவற்றின் எதிரில் வெகுநேரம் நின்றார். இதே ஊரில்தான் சிவஞானபோதம் எழுதிய சைவ சித்தாந்த குரு மெய்கண்டார் வாழ்ந்தார். சின்ன வயதுக் குருவான அவரிடம் தன் மாணவர்கள் எல்லாரும் போய்விட்டார்களே என்று சினத்தோடு வந்தார், அவர்கள் குடும்பத்துக்கே குருவாக இருந்த அருணந்தி சிவாச்சாரியார். ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டவரை, நீர் நிற்கிற நிலைதான் என்று மெய்கண்டார் பார்வையாலேயே காட்டிவிட, பெரியவர் சிறியவர் காலில் விழுந்து மாணவராகிவிட்டார். கோபமாக வருகிறவர்களை ஆட்கொள்வது இந்த மண்ணின் வழக்கம் போலிருக்கிறது.

பிரசாதத் தட்டில் தேங்காயும் வாழைப்பழமும் இருந்தன. இரண்டும் அவருக்கு ஆகாது, பொட்டாசியம் ஏறிவிடும். விபூதியை மட்டும் பூசிக்கொண்டு, பழத்தை என் கையில் கொடுத்தார். அப்போது சொன்னார்: "அண்ணன் செத்த அன்னைக்கு உள்ள வரணும்னுதான் வந்தேன் பாப்பா. கால் வரல." நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கதையின் முன்பகுதி ஒன்று என் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. கயிலையில் ஆலால சுந்தரராக இருந்தவர் இரண்டு பெண்களை விரும்பியதால் மண்ணில் பிறக்க வேண்டி வந்தது. புறப்படும்போது அவரே சுவாமியிடம், அங்கே போய் நான் மயங்கும்போது என்னைத் தடுத்து ஆண்டுகொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஆக, பந்தலுக்கு வந்த கிழவரை அழைத்ததே அவர்தான். கேட்டவருக்கு மறந்துபோய்விட்டது, கேட்கப்பட்டவர் மறக்கவில்லை.

அப்பா போன பிறகு வாராவாரம் திங்கட்கிழமை எங்கள் தெருக் கோயிலில் நான் வைத்துக்கொண்டிருந்த வேண்டுதல் ஒன்றுதான். இந்தப் பகை என் மகள் காலத்துக்குத் தொடரக்கூடாது. கோர்ட்டில் தீர்ப்பு வரும், பத்திரத்தில் கையெழுத்தாகும், அதோடு தீரும் என்று நான் நினைத்திருந்தேன். அரிசி மூட்டையும் மருந்துப் பையுமாக ஆட்டோவில் வந்து இறங்கும் என்று நினைக்கவில்லை. காரில் இதை என் கணவரிடம் சொன்னேன். "பித்தன்தான்" என்றார் அவர்.

பாசம் வந்துவிட்டது என்று என்னால் எழுத முடியாது. வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது, சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்று வக்கீலிடம் சொல்லியிருக்கிறோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் நேரத்தில் இப்போது அந்தப் பதிகத்தைப் படிக்கிறேன். மகளுக்குச் சித்தப்பா ராத்திரியில் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறார். ஆடி சுவாதி சுந்தரர் குருபூஜைக்குத் திருநாவலூர் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். டயாலிசிஸ் நாளில் வராவிட்டால் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.