தொண்ணூற்றெட்டும் ஆறும்

உசிலம்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் ஆய்வக நுட்புநராக இருந்தபோது, 2021-ஆம் ஆண்டுக் கொரோனா அலைக்குப் பிறகு ஒரு புதிய நம்பிக்கை ஊருக்குள் பரவியிருந்தது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் பல வீடுகளுக்கும் வந்துவிட்டதால், அதில் 98 தெரிந்தால் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

அந்த நாட்களில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரை அவருடைய மாமியார் அழைத்து வந்தார். இமையின் உட்புறமும் நகக்கண்ணும் வெளுத்திருந்தன. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 6 கிராம். 100 மி.லி. ரத்தத்தில் 11 கிராமாவது இருக்க வேண்டிய காலம் அது; 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. மருத்துவர் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதியதும், அந்த அம்மா மருமகளின் விரலில் கருவியை மாட்டி, "ஏய்யா, மிசின்ல தொண்ணூத்தெட்டு காட்டுது, ஒங்க கணக்குல மட்டும் எப்படி ஆறு வரும்?" என்று என்னைக் கேட்டார்.

வேலை மும்முரத்தில், "அந்த மிசின் சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டேன். அது பொய் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். இரண்டு அளவுகளுமே சரிதான்.

ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு புரதச் சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியிலும் ஓர் இரும்பு அணு. அந்த அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. ஆரப்பாளையத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோவில் நான்கு பேருக்கு மட்டும் இடம் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஆக்சிமீட்டர் சொல்வது இருக்கைகளில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதை மட்டுமே. எத்தனை ஆட்டோக்கள் ஓடுகின்றன என்பதை அது எண்ணுவதில்லை. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் ஏறாததற்கும் உள்ள விகிதத்தை அது கணக்கிடுகிறது. விகிதத்தில் மொத்த எண்ணிக்கை தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். 12 கிராம் உள்ளவரின் 100 மி.லி. ரத்தம் 16 மி.லி. சுமக்கும் இடத்தில், அந்தப் பெண்ணின் ரத்தம் சுமந்தது 8 மி.லி.

அப்படியானால் அவர் எப்படி நடந்து வந்தார், முந்தின வாரம் வரை எப்படிக் களை எடுத்தார் என்ற கேள்விதான் என்னை நெடுநாள் விடாமல் பிடித்திருந்தது. ஏற்றுவதைவிட இறக்குவதில் ஹீமோகுளோபினுக்கு நுட்பம் அதிகம். முதல் ஆக்சிஜன் ஒட்டியவுடன் மூலக்கூறின் வடிவமே சற்று மாறி, அடுத்தடுத்தவை எளிதாக ஒட்டுகின்றன. அந்த வடிவத்தை எக்ஸ்-கதிர்களால் கண்டறிந்த மேக்ஸ் பெரூட்ஸுக்கு 1962-இல் நோபல் பரிசு கிடைத்தது. நுரையீரலில் நிரம்பும் அதே மூலக்கூறு, உழைக்கும் தசையில் கரியமில வாயுவும் அமிலத்தன்மையும் கூடியிருப்பதால் பிடியைத் தளர்த்துகிறது. கரியமில வாயுவின் இந்த விளைவை 1904-இல் கிறிஸ்டியன் போர் குழுவினர் எடுத்துக்காட்டினர். ஓய்வாக இருக்கும்போது சிரை வழியே இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில்கூட முக்கால் பங்கு இருக்கைகள் நிரம்பியே இருக்கின்றன. நான் ஊசியில் உறிஞ்சும் அந்தக் கருஞ்சிவப்பைக் 'கெட்ட ரத்தம்' என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றும். அதே ரத்தம் குழாயில் காற்றோடு குலுங்கியதும் பளிச்சென்று சிவப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரத்தசோகை மெல்ல மெல்ல வரும்போது, சிவப்பணுக்களுக்குள் டி.பி.ஜி. என்னும் பொருள் கூடுகிறது. அது ஹீமோகுளோபினின் பிடியை மேலும் தளர்த்துவதால், ஆட்டோவின் ஒவ்வொரு நடையிலும் அதிக ஆக்சிஜன் இறங்குகிறது. இதயமும் வேகமாகத் துடித்து நடைகளைக் கூட்டுகிறது. அந்தப் பெண்ணின் நாடி உட்கார்ந்த நிலையிலேயே 110. கருவியின் திரையில் 98-க்குப் பக்கத்திலேயே அந்த எண்ணும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதை ஒருவரும் படிக்கவில்லை. முதலில் நானும் படிக்கவில்லை.

வாசல்வரை போனவர்களைத் திரும்ப அழைத்து, ஆட்டோக் கணக்கைச் சொல்லி, நாடி எண்ணையும் காட்டினேன். "வண்டியே பத்தலன்னு சொல்றீக" என்றார் மாமியார். அன்று மாலையே மதுரைக்குப் போனார்கள். ரத்தம் ஏற்றி, இரும்புச் சத்து ஊசியும் போட்டு, ஒரு மாதம் கழித்து வந்தபோது ஹீமோகுளோபின் 9.2. அந்த அம்மா மறக்காமல் கருவியையும் எடுத்து வந்திருந்தார். நாடி 88-க்கு இறங்கியிருந்தது. ஆக்சிஜன், அன்றைக்கும் 98.