சாவிக்கொத்தும் தென்கோபுரமும்

ஐரோப்பாவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போகும் வேலை என்னுடையது. வட ஜெர்மனியின் லூபெக் நகரத்துக்கு எங்கள் அட்டவணையில் நாற்பது நிமிடம்தான். இரண்டு கோபுரங்கள் கொண்ட பழைய நகரவாசலான ஹோல்ஸ்டன் வாயிலின் முன் பஸ் நிற்கும். படம் எடுப்பார்கள், மார்சிபான் இனிப்பு வாங்குவார்கள், கழிப்பறையைத் தேடுவார்கள். இடையில் ஐந்து நிமிடம் என் பேச்சு. பீரங்கிகள் முழங்கின, படைகள் சிதறின என்று கையை ஆட்டிச் சொல்வேன். பல ஆண்டுகள் நல்ல கைதட்டல் கிடைத்தது.

ஒருமுறை பஸ் பழுதாகி அங்கேயே இரண்டு மணி நேரம் நின்றது. குழுவில் கும்பகோணம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் இருந்தார். மகன் பணம் கட்டி அனுப்பிவைத்த பயணம். அவர் படம் எடுக்கவில்லை. பையிலிருந்த நூலில் பெட்டிச் சாவிக்கொத்தைக் கட்டி, கையை நீட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தார். தூக்குக்குண்டு!

“தம்பி, வலது கோபுரம் சாய்ந்திருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் அடியில் இருக்கிற சாய்வு மேலே இல்லை. கட்டும்போதே இறங்கியிருக்கிறது. பாதியில் பார்த்துவிட்டுச் சரிக்கட்டியிருக்கிறான்.”

தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

அத்தனை ஆண்டுகளில் அன்றுதான் டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். வயல் பார்த்த பக்கத்தில் சுவர் மூன்றரை மீட்டர் வரை தடிமன். ஊர் பார்த்த பக்கத்தில் ஒரு மீட்டர்கூட இல்லை, அதிலும் வரிசையாக ஜன்னல்கள். கொத்தனார் சிரித்தார். “வெளியே பகையாளிக்கு, உள்ளே சொந்தக்காரனுக்கு.” கல் கிடைக்காத ஊரா என்று கேட்டார். ஆமாம், அந்தக் கடலோரச் சமவெளியில் கட்டடக் கல் அரிது; அதனால்தான் தேவாலயம், நகரமன்றம் எல்லாமே செங்கல். கறுப்பு மெருகேற்றிய செங்கற்களின் வரிசைகளையும், சுட்ட மண் பலகைகளால் ஆன பட்டைகளையும் அவர் விரலால் தடவிக்கொண்டே நடந்தார். சூளைக்காரனுக்குக் கை கொடுக்க வேண்டும் என்றார்.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். 1464இல் தொடங்கி 1478இல் முடித்தவர் நகரக் கட்டடக்கலைஞர் ஹின்ரிக் ஹெல்ம்ஸ்டேட. சதுப்பு நிலம். கொத்தனார் காட்டிய வலது கோபுரம்தான் தென்கோபுரம்; அது கட்டும்போதே சாய, சரிக்கட்ட முயன்றிருக்கிறார்கள். அவர் நூல் பிடித்துச் சொன்னது அச்சில் இருந்தது. என் பீரங்கிக் கதைதான் எங்கும் இல்லை. முப்பது பீரங்கித் துளைகள் வைத்த வாயிலிலிருந்து போரில் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. அதற்கு உண்மையிலேயே ஆபத்து வந்தது சொந்த ஊர்க்காரர்களிடமிருந்து: இடித்துவிடலாமா என்று நகரமன்றம் விவாதித்து, 1863இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் விட்டுவைத்தது. சாய்வை 1933-34 பராமரிப்பில்தான் நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் மைக்கைப் பிடித்து, நேற்று நான் சொன்னது தவறு என்றேன். நா வறண்டது. ஒரு ஆறுதல் மட்டும் கைவசம் இருந்தது: ஊர்ப்பக்கச் சுவரில் 1871இல் பொன்னெழுத்தில் பொறித்த ஆண்டே 1477, ஒரு வருடம் பிசகு. கொத்தனார் மட்டும் சத்தமாகச் சிரித்தார்.

இப்போது பீரங்கிக் கதை இல்லை. சுடவில்லை என்றதும் முகங்கள் வாடிவிடுகின்றன. பிறகு ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள் என்று யாராவது கேட்பார்கள். பக்கத்தில் ஆற்றோரமாக நிற்கும் பழைய உப்புக் கிடங்குகளைக் காட்டுவேன். லூனபர்க் நகரத்து உப்பு இவ்வழியே கப்பலேறி வடக்கே போய் ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்தியது. அந்தப் பணம், ஊருக்கு வந்தவர்கள் பார்க்கும்படி ஒரு வாசலை எழுப்பியது. சிலர் கேட்கிறார்கள், சிலர் மார்சிபான் கடைக்குப் போகிறார்கள்.

என் பையில் ஒரு நூல்கண்டு இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.