உலக சாம்பியனுக்கும் குடியுரிமைத் தாள்

இந்தோனேசியச் சீனர்கள் 1966க்குப் பிறகு அரசின் நெருக்குதலால் கூட்டம் கூட்டமாகப் பெயர் மாற்றினார்கள். லியெம் என்பவர் சாலிம் அல்லது ஹாலிம் ஆனார், தான் என்பவர் தனோதோ ஆனார். பழைய குடும்பப் பெயரின் ஓசையை மட்டும் உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டார்கள். சீனப் பள்ளிகளை மூடியாயிற்று. 1967இன் 14ஆம் எண் அதிபர் ஆணைப்படி சீனச் சடங்கு, பண்டிகை எல்லாம் வீட்டுக்குள்தான்.

இத்தனைக்குப் பிறகும் எஸ்.பி.கே.ஆர்.ஐ. என்ற குடியுரிமைச் சான்று கேட்டார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போனால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றோடு இதுவும் வேண்டும். அங்கேயே பிறந்தவருக்கும் இதே கதி. 1996இல் இனி தேவையில்லை என்று ஆணை வந்தது. கவுன்டரில் இருப்பவர் கேட்பதை நிறுத்தவில்லை. கேட்டால்தானே கை நனையும்! 2001 பேட்மின்டன் உலக சாம்பியன் ஹென்ட்ரவானே இதில் மாட்டினார்.

சடங்குத் தடையை 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் நீக்கினார். சட்டத்தில் உண்மையான திருப்பம் 2006இன் 12ஆம் எண் குடியுரிமைச் சட்டம்தான். பிறப்பிலேயே குடிமகனாக இருந்து, விரும்பி வேறு குடியுரிமை வாங்காதவர் மண்ணின் மைந்தரே என்றது. ரத்தம் பார்க்கும் வேலை அதில் இல்லை. ஆனால் 2017 ஜகார்த்தா ஆளுநர் தேர்தலில் சீன வம்சாவளிக் கிறிஸ்தவ வேட்பாளர் அஹோக்குக்கு எதிராக இனமும் மதமும் சேர்ந்தே பேசப்பட்டன.