கெணத்து நீச்சல் தெரிஞ்சவங்க ஸ்கூபா பழகுறப்போ

எங்க ஊர்ப் பக்கம், கோபியிலிருந்து அந்தியூர் வரைக்கும் யாரைக் கேட்டாலும் நீச்சல் கெணத்துல தான் கத்துக்கிட்டேன்னு சொல்வாங்க. முதுகுல சுரைப்புருடையக் கட்டி அப்பாரோ மாமனோ தண்ணிக்குள்ள எறக்கி விடுவாங்க, கொஞ்ச நாள்ல புருடையக் கழட்டிருவாங்க, அப்புறம் பொடுசுக எல்லாம் போட்டி போட்டு மூச்சப் புடிச்சுக்கிட்டு அடிக்குப் போயி மண்ணெடுத்துட்டு வர்றது தான் வேலையே. அதனால நம்மாளுங்க ஸ்கூபா, அதாவது காத்துச் சிலிண்டரக் கட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள மூச்சு விட்டுக்கிட்டே போறது, கத்துக்கப் போனா தண்ணிப் பயம் அவ்வளவா இருக்காது, ஆனா மூச்ச அடக்குற பழக்கம் ஒடம்புல ஊறிப் போயிருக்கும், ஸ்கூபால மொத ரூலே எந்தக் காரணத்துக்காகவும் மூச்ச அடக்கக் கூடாதுங்கறதுங்க.

ஏன்னா கெணத்துல நாம கொண்டு போறது மேல இழுத்த காத்து. உள்ள போகப் போக அது சுருங்கும், மேல வந்ததும் பழைய அளவுக்கே வந்துரும், அவ்வளவு தான். சிலிண்டர் போட்டு 10 மீட்டர்ல மூச்சு இழுக்கறப்போ அங்க அழுத்தம் மேல இருக்கறதப் போல ரெண்டு மடங்கு, அந்த அழுத்தத்துலயே நுரையீரல் முழுசா நெறஞ்சிருக்கும், அதை அடக்கிக்கிட்டே மேல வந்தா காத்து ரெண்டு மடங்கா விரியும், நுரையீரல் கிழிஞ்சுரும். இதுக்கு 10 மீட்டர் கூட வேண்டியதில்ல, ஒண்ணு ரெண்டு மீட்டரே போதும். அதனால ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர்லயிருந்து காத்தக் குடுக்கற வாய்க்கருவி, வாயில இருந்தா மூச்சு ஓடிக்கிட்டே இருக்கோணும், அது வாயில இல்லாதப்போ சின்னச் சின்னக் குமிழியா காத்த வெளிய விட்டுக்கிட்டே இருக்கோணும்.

ஓப்பன் வாட்டர்ங்கற மொத ஸ்கூபா கோர்ஸ முடிச்சு அதுக்கான கார்டு வாங்கிட்டா 18 மீட்டர் வரைக்கும் போலாம். ஆனா நம்ம கொங்குப் பக்கம் கடல் இல்லைங்களே, கோர்ஸ் முடிச்சுட்டு வந்தா அடுத்த டைவுக்கு ஆறு மாசமோ ஒரு வருசமோ ஆயிருது, அதுக்குள்ள கை மறந்துரும், மறுக்கா தண்ணிக்குள்ள போறப்போ நெஞ்சு படபடங்கும். தைரியமா இருந்தாப் போதும் எல்லாம் வந்துரும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது சரியாப் படல. நம்பிக்கை வர்றது தைரியத்துல இல்லைங்க, கண்ணையும் மூக்கையும் மூடற மாஸ்க்குக்குள்ள தண்ணி வந்தா கம்முனு வெளிய தள்ளிட்டுப் போற அளவுக்கு அந்த வேலை கைக்குப் பழகியிருக்கறதுல தான் வருது. அதுல பாதி வேலைய ஊர்லயே இருந்து பண்ணலாம்.

மாஸ்க்குல தண்ணி வந்தாப் பதறுறதுக்குக் காரணம் மூக்குல தண்ணி படறது தான். தோட்டத்துல தொட்டி இருந்தாப் போதும். நின்னுக்கிட்டு மாஸ்க் இல்லாம ஸ்நார்க்கல்ங்கற மூச்சுக் கொழாய மட்டும் வாயில வெச்சு மூஞ்சியத் தண்ணிக்குள்ள விட்டு, வாய் வழியா மட்டும் மெதுவா இழுத்து மெதுவா விடுங்க, பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டும். மொத நாள் சித்த நேரம் கூட முடியாது, மூக்கு தானாத் தண்ணிய இழுக்கப் பாக்கும், பழகப் பழக மூக்கையும் வாயையும் தனித்தனியா வெச்சுக்க ஒடம்பு கத்துக்கும். அது வந்துட்டா மாஸ்க் மேல் ஓரத்த அழுத்திப் புடிச்சு, மேல பாத்துக்கிட்டே மூக்கு வழியா ஊதித் தண்ணிய வெளிய தள்றது ரொம்பச் சாதாரணமாயிரும். ஆனா யாரும் சிலிண்டரத் தூக்கிக்கிட்டு தோட்டத்துக் கெணத்துக்குள்ள எறங்கிராதீங்க, வேண்டவே வேண்டாம்.

காது விசயம். கோத்தகிரி வழியா மேட்டுப்பாளையம் எறங்கறப்போ காது அடைக்கும்ல, ஊட்டியிலிருந்து அடிவாரம் வரைக்கும் எறங்குனா கூடுற மொத்த அழுத்தம் தண்ணிக்குள்ள சுமார் 2 மீட்டர் எறங்குனாலே வந்துரும். பஸ்ல ரெண்டு மணி நேரத்துல வர்றது இங்க சில நொடில வருது, அதனால வலிக்கறதுக்கு முன்னாடியே மூக்கப் புடிச்சு மெதுவா ஊதோணும், அடிக்கடி ஊதோணும், கால் கீழ இருக்கற மாதிரி எறங்குனா இன்னும் சுலபம். அடைப்பு விடலைன்னா கொஞ்சம் மேல வந்து மறுக்கா முயற்சி பண்ணுங்க, வேகமா ஊதாதீங்க. சளி புடிச்சிருந்தா அன்னைக்கு டைவே வேண்டாம், எவ்வளவு காசு கட்டியிருந்தாலும் சரி.

இப்போ பெரிய விசயம், மிதப்பு. புதுசா வர்றவங்க பாதிப் பேர் கஷ்டப்படறது இங்க தான். பல எடத்துல புதுசுங்க சுலபமாக் கீழ போகட்டும்னு ரெண்டு மூணு கிலோ ஈய வெயிட்ட எச்சாவே மாட்டி விட்டுருவாங்க. எடை எச்சா ஆனா அதுக்கு ஈடா பிசிடிக்குள்ள (காத்தடிச்சு மிதப்பக் கூட்டிக் கொறைக்கற சட்டை) காத்து எச்சா அடிக்கோணும், அந்தக் காத்து நீங்க ஒரு மீட்டர் மேல வந்தா விரியும், கீழ போனா சுருங்கும், அதனால மேலயும் கீழயும் போயிட்டே இருப்பீங்க. எறங்கறதுக்கு முன்னாடி வெயிட் செக் பண்ணச் சொல்லிக் கேளுங்க, கேக்கறதுல ஒரு கூச்சமும் வேண்டாம். பிசிடியக் காலி பண்ணிட்டு சாதாரணமா மூச்சு இழுத்து நின்னா தண்ணி கண்ணு மட்டத்துல நிக்கோணும், மூச்சு விட்டா மெதுவா அமுங்கோணும். இதை சிலிண்டர் 50 பார்ல (பார்ங்கறது உள்ள இருக்கற காத்தோட அழுத்த அளவு) இருக்கறப்போ பாக்கறது தான் சரி, ஏன்னா காத்துக்கும் எடை இருக்கு, 11 லிட்டர் சிலிண்டர்ல 200 பார்லயிருந்து 50 பார் ஆகறதுக்குள்ள சுமார் 2 கிலோ கொறைஞ்சுரும், நெறஞ்ச சிலிண்டரோட பாத்தா அந்த 2 கிலோவக் கூட்டிக்கோணும்.

அப்புறம் மூச்சு. உள்ள இழுத்தா ஏறுவீங்க, விட்டா எறங்குவீங்க, ஆனா இழுத்த ஒடனே ஏறாது, ஒடம்பு சித்த நேரம் கழிச்சுத்தான் கேக்கும். இது தெரியாம பிசிடி பட்டனப் போட்டு அமுக்குனா ஆட்டம் இன்னும் எச்சா ஆகும். ஆழம் கம்மியா இருந்தா சுலபம்னு தோணும், நெசத்துல மேல இருக்கற 10 மீட்டர்ல தான் காத்தோட அளவு ரொம்ப மாறும், அதனால தான் கடைசியா 5 மீட்டர்ல 3 நிமிசம் நிக்கற சேஃப்டி ஸ்டாப் புதுசுங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கு. இன்னொண்ணு, கெணத்துல கையப் போட்டு நீந்திப் பழகுனவங்களுக்கு கை சும்மா இருக்காது. கையக் கோத்து வயித்துக்கிட்ட வெச்சுட்டு, ஒடம்பப் படுக்கையா வெச்சு, கால்ல மாட்டுற ஃபின்னு (துடுப்பு) மட்டும் வேலை செய்யட்டும், கை வீசுனா மூச்சும் வீணாகும், பவளத்தையும் ஒடைப்பீங்க, ஒரு வெரக்கடை வளர்றதுக்கே சில பவளத்துக்கு வருசக்கணக்காகும்.

கர்நாடகாக் கடல்ல இருக்கற நேத்ராணித் தீவுல ஒரு பாறைக்கு மேல ஒரு முழ ஒசரத்துல பட்டனத் தொடாம, கால ஆட்டாம, மூச்சுலயே நின்னப்போ கிளிமீனு பவளத்தக் கொறிக்கற சத்தம் கேட்டுச்சு. அதுவரைக்கும் அந்தச் சத்தம் இருந்திருக்கும், என் மூச்சுச் சத்தத்துலயும் தவிப்புலயும் காதுல விழுந்ததே இல்ல.

காத்து அளவப் பத்தி வேகமாச் சொல்லிர்றேன். 20 மீட்டர் ஆழத்துல, தண்ணிக்கு மேல இழுக்கறத விட மூணு மடங்கு செலவாகும், கேஜ அடிக்கடி பாருங்க, 100 பார் ஆனா கூட வர்றவங்களுக்குக் காட்டுங்க, 50 பாரோட மேல வந்துருங்க. கட்ட வெரலத் தூக்குனா மேல போலாம்னு அர்த்தம், நல்லா இருக்கேன்னு சொல்ல கட்ட வெரலையும் ஆள்காட்டி வெரலையும் சேத்து வட்டம் போடோணும், நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் கட்ட வெரலத் தூக்கியே பழக்கம். மனசுக்கு ஒப்பலைன்னா படகுல ஏறுன பொறகு கூட வேண்டாம்னு சொல்லலாம், யாரும் காரணம் கேக்கக் கூடாது, அது டைவர்க எல்லாரும் ஒத்துக்கிட்ட வழக்கம்.

எங்க போறதுன்னு கேட்டா, ரொம்ப நாள் இடைவெளி விட்டவங்க அந்தமான்ல ஹேவ்லாக் தீவுல நீமோ ரீஃப் மாதிரி கரையிலிருந்தே நடந்து போயி எறங்கற எடமாப் பாத்து ஆரம்பிங்க, மொத டைவ ஒரு இன்ஸ்ட்ரக்டர் கூட, மறந்ததப் பழகிக்கற ரிஃப்ரெஷரா வெச்சுக்கோங்க. நேத்ராணிக்கு முருடேஸ்வர்லயிருந்து படகுல ஒரு மணி நேரத்துக்கு மேல போகோணும், அலைல தலை சுத்துறவங்க முன்னாடியே மாத்திரை பத்தி டாக்டர்கிட்டக் கேட்டுக்கோங்க. மழைக் காலத்துல அங்க டைவ் கெடையாது.

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு விசயம். டைவ் முடிச்சுட்டு ஒடனே விமானம் ஏறக் கூடாதுன்னு எல்லாரும் சொல்வாங்க, ஒரே ஒரு டைவுன்னா 12 மணி நேரம், பல டைவுன்னா 18 மணி நேரமாவது கழியோணும். விமானத்துக்குள்ள இருக்கற அழுத்தம் அதிகபட்சம் 2400 மீட்டர் மலை மேல இருக்கற மாதிரி, ஊட்டி 2240 மீட்டர். முருடேஸ்வர்ல காலைல டைவ் பண்ணிட்டு மைசூர், கூடலூர், ஊட்டி சுத்திட்டு மேட்டுப்பாளையம் எறங்கலாம்னு கார்ல கெளம்புறது விமானம் ஏறுற மாதிரியே தான், தண்ணிக்குள்ள அழுத்தத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன், மேல அழுத்தம் கொறையறப்போ குமிழியாகலாம். மங்களூர் போயி ரயில் ஏறி, கோழிக்கோடு தாண்டி பாலக்காட்டுக் கணவாய் வழியா கோயமுத்தூர் வந்தா வழில பெரிய மலை ஏறவே வேண்டியதில்ல. ஊட்டியும் பாக்கோணும்னா கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே பாத்துட்டுப் போயிருங்க.